தரங்கம்பாடியின் பழைய ஆவணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் கோட்டையைப் பார்த்துவிட்டு, கடலைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மீதிப்பேரிடம் கேள்விகள் இருக்கின்றன. ஊரில் சொந்தபந்தம் உள்ளவர்கள், மயிலாடுதுறை, காரைக்கால் பக்கத்து மாணவர்கள், வெளிநாட்டிலிருந்து கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடுகிறவர்கள் என்று பலரும் கேட்பது கிட்டத்தட்ட ஒன்றையேதான்: இந்த ஊரின் பழைய எழுத்துகள் எங்கே இருக்கின்றன, அவற்றில் எங்கள் ஆட்கள் இருக்கிறார்களா? கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் முன்பிருந்தே இது மீனவர் ஊர். ஆகவே பதில்களில் கரைப்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறது.

இவ்வளவு சின்ன ஊருக்கு எப்படி இத்தனை ஆவணங்கள்?

1620 முதல் 1845 வரை, இடையில் சில ஆண்டுகள் தவிர, ஊர் டென்மார்க்கின் கையில் இருந்தது. வணிகக் கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் எழுதிவைப்பவர்கள். சரக்கு, சம்பளம், வழக்கு, அபராதம், இறந்தவர் வீட்டுச் சாமான் பட்டியல் எனக் கணக்கில் வராதது குறைவு. போதாததற்கு 1706 ஜூலையில் சீகன்பால்கு, புளுச்சா என்ற இரண்டு புராட்டஸ்டன்ட் மிஷனரிகள் கப்பலில் வந்திறங்கினார்கள். அன்றிலிருந்து மிஷனரிகளும் நாட்குறிப்பு, கடிதம், அறிக்கை என்று ஜெர்மனியில் உள்ள ஹாலே நகரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒரே ஊரைப் பற்றி அரசாங்கம் ஒரு பக்கமும் திருச்சபை ஒரு பக்கமும் நூறாண்டுக்கு மேல் விடாமல் எழுதியிருப்பது சோழமண்டலக் கரையில் எல்லா ஊருக்கும் வாய்த்ததல்ல.

டேனிஷ் கடல்கடந்த வணிகக் கம்பெனிகளின் ஆவணத் தொகுதி 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது. தரங்கம்பாடிக் காகிதங்களும் அந்தத் தொகுதியில் உண்டு.

ஊரில் உள்ள மிகப் பழைய ஆவணம் எது?

காகிதத்தைத் தேட வேண்டாம், கல்லைப் பாருங்கள். கடலை ஒட்டி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்று பெயர் வைத்திருப்பதால், டேனிஷ் கப்பல் வருவதற்கு முந்நூறு ஆண்டு முன்பே இது வணிகம் நடந்த துறை என்று எடுத்துக்கொள்ளலாம். "டேனிஷ்காரர்கள் உருவாக்கிய ஊர்" என்று சுற்றுலாக் கையேடுகளில் வரும் வரியை நம்பி யாரும் கட்டுரை எழுத வேண்டாம்.

கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதோடு எத்தனை எழுத்து போயிற்று என்று இனிக் கணக்கெடுக்க முடியாது. இருப்பதையாவது நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைப்பது அவசரமான வேலை.

டென்மார்க் மன்னருக்கு இங்கிருந்து தங்க ஓலை போனது என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். 1616-இல் கோபன்ஹேகனில் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. ஓவே கியெத்தே தலைமையில் கப்பல்கள் 1618-இல் இலங்கையை நோக்கிப் புறப்பட்டன. அவற்றுக்கு முன்னதாகப் போன ஒரு கப்பலைக் காரைக்கால் அருகே போர்த்துகீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். அதில் தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே தஞ்சாவூர் அரண்மனை வரை போய்ச் சேர்ந்தார். இலங்கைத் திட்டம் கைகூடவில்லை. தஞ்சையில் பேச்சு கூடியது. 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஆனது, கோட்டை கட்ட இடம் கிடைத்தது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு நாயக்கர் தமிழில் பொன்னேட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

பொன்னேடு என்பதால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் ஊரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள அது பெரிதாக உதவாது. இரண்டு அரசுகள் பேசிக்கொண்டது அதில் இருக்கிறது, அவ்வளவுதான். வலை, படகு, வரி, சண்டை எல்லாம் சாதாரணக் காகிதத்தில்தான் கிடக்கின்றன.

1640-க்கும் 1669-க்கும் நடுவில் ஏன் ஒன்றுமே கிடைப்பதில்லை?

அந்த 29 ஆண்டுகளில் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. கம்பெனி நொடித்து 1650-இல் கலைக்கப்பட்டது. கோட்டையில் இருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள், சிலர் விட்டுவிட்டுப் போனார்கள். 1655 வாக்கில் எஞ்சியவர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற சாதாரணப் படைவீரர் ஒருவர்தான். அவர் உள்ளூர் மக்களையே துணைக்கு வைத்துக்கொண்டு கோட்டையைக் காத்தார். தஞ்சைப் படை முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பியதும் அவர் காலத்தில்தான். உதவி கேட்டு டென்மார்க்குக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1669-இல் ஒருவழியாகக் கப்பல் வந்தது, அவரையே தளபதியாக உறுதி செய்தார்கள்.

இந்தக் காலத்துக் காகிதம் குறைவு என்பதால் ஆராய்ச்சியாளர்கள் இதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தமான விஷயம். ஒரே ஒரு ஐரோப்பியர், அவரைச் சுற்றி ஒரு முழுத் தமிழ் ஊர். கோட்டைக்குக் காவல் நின்றதும் மதிலுக்குக் கல் சுமந்ததும் உள்ளூர் ஆட்கள்தான். எழுதிவைக்க ஆள் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் ஊர் தன் பலத்தில் நின்றிருக்கிறது. தஞ்சாவூர் பக்கத்து ஆவணங்களையும், இதே கரையில் இருந்த டச்சுக்காரர்களின் காகிதங்களையும் வைத்து இந்த இடைவெளியைக் கொஞ்சமாவது நிரப்ப முடியும். இளம் ஆராய்ச்சியாளர் யாராவது கையில் எடுத்தால் நல்லது.

ஆளுநர், பாதிரியார் தவிர சாதாரண மனிதர் யாராவது எழுதியிருக்கிறார்களா?

ஐஸ்லாந்துக்காரர் ஒருவர் இருக்கிறார். யோன் ஓலாஃப்சன் என்று பெயர். பீரங்கிப் படையில் சேர்ந்து 1623 வாக்கில் கோட்டைக்கு வந்தார். வெடிமருந்து வெடித்துக் கைகள் கருகி, ஊனமாகித் திரும்பினார். வயதான காலத்தில், 1661-இல், தன் வாழ்க்கையை எழுதிவைத்தார். அதிகாரிகளின் அறிக்கையில் வராத தெருவும் திருவிழாவும் அவர் எழுத்தில் வருகின்றன. ஆங்கிலத்தில் கிடைக்கிறது.

தமிழர்களே எழுதியவையும் உண்டு. 1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவருடைய சக மிஷனரி க்ருண்ட்லரும் கேள்விகள் அனுப்ப, உள்ளூர்த் தமிழர்கள் பதில் எழுதினார்கள். கடவுள், சடங்கு, கல்வி, மருத்துவம், பயிர்த்தொழில், பெண்கள் நிலை என்று கேள்விகள் போயின. பதில்களும் அடங்கி ஒடுங்கிய பதில்கள் அல்ல. உங்கள் ஆட்கள் குடிக்கிறார்கள், சுத்தம் பார்ப்பதில்லை, பிறகு எங்களுக்கு எப்படி வேதம் சொல்வீர்கள் என்ற போக்கில் திருப்பிக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். இப்படி 99 கடிதங்கள் ஜெர்மனில் அச்சாயின. தமிழ் மூலங்கள் காணாமல் போயின. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்க்காரர் தமிழில் எழுதியதை நாம் இன்று ஜெர்மன் வழியாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. முழுத் தொகுதியும் நல்ல தமிழில், மலிவு விலையில் எல்லா நூலகங்களிலும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, மீனவர்களைப் பற்றி என்ன இருக்கிறது?

மீனவர் என்று தலைப்பிட்ட கட்டு எதுவும் இருக்காது. அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் "ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். ஆட்கள் இருக்கிறார்கள், வேறு தலைப்புகளுக்குள் இருக்கிறார்கள்.

முதலில் படகுக் கூலி. தரங்கம்பாடியில் கப்பல் வந்து அணையும் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் ஆளும் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டுமென்றால் சலங்குதான் வழி. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை தூக்கிப் போட்டாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. கடலில் நிற்கும் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோவது கட்டுமரக்காரர் வேலை. இந்த இரண்டு வேலையையும் செய்தவர்கள் கரையில் இருந்த குடும்பங்கள்தான். அவர்கள் கைவைக்காமல் ஒரு மூட்டை மிளகுகூட ஏறியிருக்காது. எனவே கப்பல் வந்து போன மாதங்களின் செலவுக் கணக்கைப் பாருங்கள். படகோட்டிகளுக்குக் கொடுத்தது, படகு பழுது பார்த்தது, கயிறு வாங்கியது எல்லாம் அங்கே வரும்.

அடுத்தது புயலும் கப்பல் சேதமும். கப்பல் தரை தட்டினால் விசாரணை நடக்கும், சாட்சி கேட்பார்கள். அப்போதுதான் கரையில் இருந்தவர் பேச்சு காகிதத்தில் ஏறும். மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாக, டேனிஷ் மொழியில், சுருக்கி எழுதப்பட்ட பேச்சு அது. இருந்தாலும் பேசியது அவர்தான்.

அப்புறம் மிஷனரி நாட்குறிப்புகள். கடற்கரையில் நடந்துபோனோம், இன்னாரோடு பேசினோம் என்று நாள்வாரியாக எழுதியிருப்பார்கள். மதம் மாற்றும் நோக்கத்தோடு எழுதியது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆனால் அன்று காற்று எப்படி, அரிசி என்ன விலை, கரையில் யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் போகிற போக்கில் வந்து விழுந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து ஐரோப்பியர் "மலபார்" என்று எழுதினால் பெரும்பாலும் தமிழரையும் தமிழையும்தான் குறிக்கிறார்கள். கேரளத்தைப் பற்றியது என்று நினைத்து அந்தக் கட்டைத் தள்ளிவைத்துவிடாதீர்கள்.

மீன்களைப் பற்றி ஏதாவது பதிவு உண்டா?

இருப்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி தரங்கம்பாடியில் இருந்தார். மீன், சங்கு, பாம்பு என்று சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மீன்கள் பெர்லினில் இருந்த மார்க்குஸ் எலியேசர் புளோக் என்ற மருத்துவரிடம் போயின. உலக மீன்களையெல்லாம் வகைப்படுத்திக்கொண்டிருந்தவர் அவர். ஜான் நினைவாக ஒரு மீன் பேரினத்துக்கு 'ஜானியஸ்' என்று பெயர் வைத்தார். நம் கத்தாளை வகைகளில் பல அந்தப் பேரினத்தில்தான் வருகின்றன. 1793-இல் வெளிவந்த அந்தப் பெயர்களில் 'ஜானியஸ் கருத்தா' என்று ஒன்று உண்டு. கருத்த கத்தாளை என்று கரையில் சொன்னதில் பாதியை அப்படியே இலத்தீனுக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

வலையைக் கடலில் போட்டவரும், மீனைத் தரம் பிரித்து இன்னது இன்னது என்று சொன்னவரும் மீனவர். ஜான் கேட்டு எழுதினார், புளோக் அச்சிட்டார். மீனவர் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவர் அறிவு இலத்தீன் பெயராக உலகமெங்கும் புழங்குகிறது. புளோக்கின் மீன் சேகரிப்பு பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. எழுத்து மட்டும்தான் ஆவணம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

பனையேறிக் கெண்டையும் தரங்கம்பாடி வழியாகத்தான் ஐரோப்பாவில் பேர் வாங்கியது. டேனிஷ் படையில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி 1791 நவம்பரில் குளத்தங்கரைப் பனை ஒன்றில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில், பட்டைப் பிளவில் ஏறிக்கொண்டிருந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797-இல் இலண்டனில் அது அச்சானதும் நம்பலாமா கூடாதா என்று அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள்.

1845-இல் ஊரை விற்றபோது காகிதங்கள் என்ன ஆயின?

தரங்கம்பாடியையும் வங்காளத்து சேரம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் கொடுத்தது டென்மார்க். நெப்போலியன் போர்க் காலத்திலேயே, 1801-இலும் பிறகு 1808 முதல் சில ஆண்டுகளும், ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதனால் கைமாற்றத்துக்கு முன்பே சில பதிவுகள் இரு பக்கமும் உண்டு. விற்பனைக்குப் பிறகு ஒரு பங்கு கோபன்ஹேகனில், ஒரு பங்கு சென்னையில் என்று ஆகிவிட்டது. ஒரு வழக்கின் மனு அங்கேயும் தீர்ப்பு இங்கேயும் இருக்க வாய்ப்புண்டு. ஒரு இடத்தில் தேடிவிட்டு முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

சென்னையில் எங்கே போய்ப் பார்ப்பது?

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1777 முதல் 1845 வரையிலான டேனிஷ் பதிவுகள் என்று தனித் தொகுதி உண்டு. 1777 என்பது கம்பெனியிடமிருந்து டேனிஷ் அரசே நேரடியாக ஊரை எடுத்துக்கொண்ட ஆண்டு. 1845-க்குப் பிறகான தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் பதிவுகளும் அங்கேதான். தரங்கம்பாடி சில காலம் ஆட்சியரின் தலைமையிடமாகவே இருந்தது. அதனால் 1860 வரையிலான கோப்புகளில் உள்ளூர் விவரம் நிறைய வரும்.

ஆராய்ச்சிக்கென்று விண்ணப்பம், அடையாளச் சான்று, கல்லூரி மாணவரானால் துறைக் கடிதம் இவையெல்லாம் தேவைப்படும். பழைய தாள்களைக் கையில் கொடுப்பது அவற்றின் நிலையைப் பொறுத்தது. போகும் முன் இரண்டு அச்சு நூல்களைப் படித்துவிட்டுப் போங்கள்: வெங்கசாமி ராவ் எழுதிய 1883-ஆம் ஆண்டுத் தஞ்சாவூர் மாவட்டக் கையேடு, ஹெமிங்வே தொகுத்த 1906-ஆம் ஆண்டு கெசட்டியர். எந்த ஆண்டைக் கேட்பது, எந்தத் துறையைக் கேட்பது என்று அப்போதுதான் பிடிபடும். கெசட்டியரைப் படிக்கும்போது ஒன்று புரியும். 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியதும் கடல் வணிகம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. வணிகர் போய்விட்டார்கள், மீனவர் போகவில்லை.

என் முன்னோர் பெயரைத் தேட முடியுமா?

அது உங்கள் குடும்பத்தைப் பொறுத்தது.

லுத்தரன் குடும்பம் (இந்த மிஷனரிகள் சார்ந்த புராட்டஸ்டன்ட் பிரிவு) என்றால் வாய்ப்பு அதிகம். 1707-இல் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அன்று தொடங்கி ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று பதிவு செய்வது வழக்கமானது. 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் போன்றவர்கள் அறிக்கைகளில் விரிவாகவே வருகிறார்கள். 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலும், திருச்சியில் தலைமையகம் உள்ள தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையிலும் விசாரிக்கலாம். ஹாலேயில் உள்ள ஃபிராங்கே நிறுவன ஆவணகம் மிஷன் காகிதங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது, மின்னஞ்சலில் கேட்கலாம்.

மீனவக் குடும்பம் என்றால் வழி வேறு. தரங்கம்பாடி மீனவர் பெரும்பாலும் இந்துக்கள், பட்டினவர் சமூகத்தினர். தேவாலயப் பதிவேட்டில் அவர்கள் பிறப்பும் திருமணமும் இருக்காது. பிறப்பு இறப்புப் பதிவைச் சட்டமாக்கிய 1899-க்குப் பிறகானவற்றை வட்டாட்சியர் அலுவலகத்திலும் பேரூராட்சியிலும் கேட்கலாம். பதிவு விட்டுப்போன வீடுகள் ஏராளம். நிலமோ மனையோ இருந்தால் கிராமக் கணக்குகளில் பெயர் வரும். 'அ' பதிவேடு, அடங்கல், சிட்டா, பழைய நிலவரித் திட்டப் பதிவேடு என்று வரிசையாகப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய பத்திரங்களின் அட்டவணை இருக்கும். இணையத்தில் வில்லங்கச் சான்று 1975-இலிருந்துதான் எளிதாகக் கிடைக்கும், அதற்கு முந்தையதற்கு மனுப் போட வேண்டும். ஆனால் கரையில் இருந்த குடும்பங்களுக்குப் பட்டா இல்லாமலே தலைமுறைகள் ஓடியிருக்கின்றன. அவர்களுக்கு ஊர்ப் பஞ்சாயத்து நோட்டுதான் ஆவணம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஊர்ப் பெயர்களும் பணமும் புரியவில்லையே?

பொறையார், தில்லையாடி, சாத்தங்குடி, எருக்கட்டாஞ்சேரி, ஒழுகைமங்கலம் எல்லாம் டேனிஷ் எல்லைக்குள் இருந்தவை. கேட்டவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், ஒரே எழுத்தரே இரண்டு விதமாகவும் எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பிடிபட்டுவிடும். கணக்கில் 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய்.

டேனிஷ் தெரியாமல் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

தொடங்கலாம், ஆழமாகப் போக முடியாது. பழைய டேனிஷ் கையெழுத்து, டேனிஷ்காரர்களே தனியாகப் பயிற்சி எடுத்துப் படிக்கும் எழுத்து. மிஷன் பக்கம் ஜெர்மன். கூடவே போர்த்துகீசியமும் கலந்து வரும், கரையோர வணிகத்தில் எல்லோரும் பேசிய மொழி அதுதான். தஞ்சாவூர் மராட்டிய அரசின் மோடி எழுத்து (பழைய மராத்திக் கையெழுத்து முறை) ஆவணங்களில் டேனிஷ்காரரோடு இருந்த கொடுக்கல் வாங்கல் தேட வேண்டுமென்றால் சரசுவதி மகால் நூலகமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒருவரே கற்க வேண்டியதில்லை. மொழி தெரிந்தவரும் ஊர் தெரிந்தவரும் சேர்ந்து உட்கார்ந்தால் வேலை நடக்கும். கோபன்ஹேகன் அறிஞருக்கு எந்தச் சொல் ஒரு வலையின் பெயர், எது ஒரு காற்றின் பெயர் என்று தெரியாது. கரைக்காரருக்குத் தெரியும்.

பழைய வரைபடங்களும் ஓவியங்களும் கிடைக்குமா?

கிடைக்கும். ட்ரெலுண்ட் 1733-இல் வரைந்த வரைபடம் தெருத் தெருவாக, மதிலோடு ஊரைக் காட்டுகிறது. சுவீடனில் ஸ்கூக்லோஸ்டர் மாளிகையில் 17-ஆம் நூற்றாண்டு எண்ணெய் ஓவியம் ஒன்று தொங்குகிறது, கோட்டையும் ஊரும் கடலும் வானிலிருந்து பார்ப்பதுபோல. 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த நார்வேக்காரர் பீட்டர் ஆங்கர் நன்றாக வரையத் தெரிந்தவர். அவருடைய படங்கள் ஒஸ்லோவில் உள்ளன.

இவற்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பது தெரியும். கரையோர மதிலும் கோயில் முற்றமும் இருந்த இடத்தில் இன்று அலை அடிக்கிறது. கடல் அரிப்பைப் பற்றி அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கும் மீனவ கிராமங்கள் இந்த வரைபடங்களை இணைப்பாக வைக்கலாம். பழைய ஆவணத்துக்கு இதைவிட நல்ல பயன் என்ன இருக்கிறது?

கோட்டை அருங்காட்சியகத்தில் மூல ஆவணங்களைப் பார்க்கலாமா?

அங்கே இருப்பவை பெரும்பாலும் பிரதிகளும் பொருள்களும்தான். ஊரைப் பற்றி ஒரு மதிப்பீடு கிடைக்கும், அதனால் முதலில் அங்கே போவது நல்லது. ஆராய்ச்சிக்கு மேலே சொன்ன இடங்கள்தான்.

ஊர்ப் பஞ்சாயத்து நோட்டுகளில் என்ன இருக்கும்?

தரங்கம்பாடி சுற்றுவட்டார மீனவ கிராமங்களுக்குத் தலைமைக் கிராமம். ஊர் முடிவுகள், தலைக்கட்டு வரி, கோயில் திருவிழா வரவு செலவு, மீன் ஏலக் குத்தகை, எந்த வலை போடலாம் போடக்கூடாது என்ற கட்டுப்பாடு, பக்கத்து ஊரோடு கடலில் வந்த தகராறு எல்லாம் கோடு போட்ட நோட்டுகளில் எழுதப்பட்டு வந்திருக்கின்றன. தலைக்கட்டுப் பட்டியல் என்பது ஊரில் எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் இருந்தது என்பதற்கான கணக்கு. அரசாங்கத்தின் மக்கள்தொகைக் கணக்கில்கூட இவ்வளவு துல்லியமாக ஒரு குடும்பத்தைப் பின்தொடர முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணம் பிரிக்கும்போது இந்தக் கரையில் பல ஊர்களில் பஞ்சாயத்துப் பட்டியலை வைத்துத்தான் வேலை நடந்தது.

அதே அலையில்தான் எத்தனையோ வீடுகளில் பத்திரம், குடும்ப அட்டை, கல்யாணப் படம் எல்லாம் போயின. உள்ளே தள்ளிக் கட்டிய புதுக் குடியிருப்புகளுக்கு மாறியபோதும் பழைய நோட்டுகள் சில தொலைந்தன. நிர்வாகிகள் மாறும்போது நோட்டு ஒருவர் வீட்டுப் பரணில் தங்கிவிடுவதும் நடக்கிறது. இவற்றை வெளியார் வந்து அள்ளிக்கொண்டு போகக்கூடாது. நோட்டு ஊரிலேயே இருக்கட்டும், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒரு பிரதி ஊரிடமும் ஒரு பிரதி வெளியூரில் பாதுகாப்பான இடத்திலும் இருக்கட்டும். குடும்பத் தகராறுகள் உள்ள பக்கங்களை யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்பதை ஊரே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் பழைய பத்திரமும் ஓலையும் இருக்கின்றன. என்ன செய்வது?

லேமினேஷன் செய்யாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். சூடும் பசையும் ஏறியபின் தாளைப் பிரித்தெடுக்கவே முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், சில ஆண்டில் பழுப்பேறி எழுத்தைத் தின்றுவிடும். கடலோர வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும்தான் எதிரி. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியை விட்டு, உள்ளறையில் தரையிலிருந்து உயரமாக வையுங்கள். மடித்த தாளை மெதுவாக விரித்துத் தட்டையாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே கிழியும். ஓலைச்சுவடியானால் தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, பக்குவம் தெரிந்தவரிடம் காட்டி புல்தைலம் தடவச் சொல்லுங்கள், நீங்களாகக் கையில் கிடைத்த எண்ணெயைத் தடவ வேண்டாம். கைப்பேசியில் படம் எடுக்கும்போது சன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் தேவையில்லை. பின்பக்கத்தையும் எடுங்கள். கைமாறியவர் பெயரும் முத்திரையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சீகன்பால்கு 1708-இல் தன்னிடம் இருந்த தமிழ் நூல்களைப் பட்டியல் போட்டார். 119 தலைப்புகள். அவற்றில் பலவற்றை ஊரில் விதவைகளிடமும் வாத்தியார் வீடுகளிலும் தேடி வாங்கியிருந்தார். பரணில் கிடக்கும் ஒரு கட்டு என்ன மதிப்பு என்பது அதைப் பிரித்துப் படிக்கிறவர் வரும்வரை தெரியாது.

வயதானவர்களிடம் கேட்டு எழுதலாமா? அது ஆவணம் ஆகுமா?

நிச்சயமாக ஆகும், முறையாகச் செய்தால். "அந்தக் காலத்தில் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கட்டுமரத்துக்கு என்ன மரம், எங்கிருந்து வாங்கினீர்கள், யார் கட்டினார்? கொண்டல் வீசும்போது எந்த மீன், வாடையில் எந்த மீன்? கரைவலை இழுக்க எத்தனை பேர், பங்கு எப்படிப் பிரித்தீர்கள்? முதல் விசைப்படகு வந்தபோது ஊரில் என்ன பேச்சு? இப்படிக் கேளுங்கள். கரையில், வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் கை தானாகக் காட்டும், வாய் தானாகச் சொல்லும். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். மீனைக் கூடையில் சுமந்து பொறையார், மயிலாடுதுறை வரை போய் விற்றது அவர்கள்தான். விலையும் கடனும் வட்டியும் அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். டேனிஷ் காகிதத்திலும் பஞ்சாயத்து நோட்டிலும் அவர்கள் மிகக் குறைவு.

பேசியவர் பெயர், வயது, தேதி, இடம், அனுமதி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் குரலில் சொல்ல வையுங்கள். ஒலிக்கோப்பை ஒரு கைப்பேசியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். கேட்டெழுதும்போது அவர் பேச்சைத் திருத்த வேண்டாம். பேசிய குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.